வெள்ளோட்டம் பார்க்காத ஜீப்

கராஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கு அனுபவத்தில் நாலு விஷயம் எழுதித் தரும்படி கேட்டார்கள். சுன்னாகத்தில் இருபத்தைந்து வருஷம் கராஜ் நடத்திய ஆள், வேலை ஆயுதங்களைத் துடைத்து வை, சொன்ன நேரத்துக்கு வேலையைக் கொடு என்று நல்லதாக ஏதாவது எழுதுவார் என்று நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் உங்களுக்கு வேலை பழக்குகிறவர் சொல்லித் தருவார். நான் எழுதப் போவது ஒரு பிழையைப் பற்றி.

பிழை எத்தனையோ விட்டிருக்கிறேன். ஒரு லொறி எஞ்சினுக்குள் துடைக்கிற சீலையை வைத்து மூடியிருக்கிறேன். கலியாணத்தன்று காலையில் ஒரு மாப்பிள்ளைக் காரைத் திருத்திக் கொடுத்து, அது பின்னுக்கு மட்டும்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்க, மாப்பிள்ளை பின்பக்கமாகவே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவற்றைக் கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொல்லுவேன். இது அந்த வகையில் சேராது. இதை நான் வெகு காலம் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன், அதுதான் பிழையிலும் பெரிய பிழை.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளியிலிருந்து மோட்டார்ச் சாமான் வருவது நின்றுபோன வருஷங்கள். உடைந்ததை எறிய முடியாது, திருத்தித்தான் ஆகவேண்டும் என்பதால் எங்கள் தொழிலுக்கு மதிப்பு இருந்த காலம். ஆனால் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. என் ஒரே மகள் வதனி பொறியியல் படிக்க ஆசைப்பட்டவள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிடக் கூடப் புள்ளி கேட்ட காலம் அது. முதல் தரம் சோதனை எழுதினாள், புள்ளி காணாது என்று வந்தது. இரண்டாம் தரமும் எழுதினாள், அதுவும் காணாது என்று வந்தது. அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவாள், தலை இழு என்றால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

"அவளோடை ஒருக்காக் கதையுங்கோவன்" என்று மனைவி என்னைப் பிடித்துத் தள்ளுவாள். நான் அறை வாசல்வரை போவேன். என்ன கதைப்பதென்று தெரியாமல் திரும்பி வந்து, ஏதாவது ஒரு காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வேன். கராஜ் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே இருந்தது, அதனால் ஒளிந்துகொள்ள அதிக தூரம் போகத் தேவையில்லை.

அப்படியிருக்கும்போதுதான் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற வல்வெட்டித்துறைச் சம்மாட்டியார் ஒருவர் உழவு இயந்திரத்தில் கட்டி ஒரு ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்தார். மணற்காட்டுப் பக்கம் அவருக்குக் கரைவலையும் மீன் வாடியும் இருந்தன. பிடித்த மீனை மணலுக்குள்ளால் வீதிக்குக் கொண்டுவர மாட்டுவண்டி படாத பாடு பட்டது. ஜீப் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தது. பலாலி விமானத்தளத்தில் வெள்ளைக்காரன் விட்டுப் போனதை அவருடைய தகப்பன் எடுத்து ஓடி, பிறகு பூவரசமரத்துக்குக் கீழே விட்டுவிட்டாராம். பதினைந்து வருஷம் ஆடுகள் அதற்குள் குட்டி போட்டிருந்தன.

"அண்ணை, வடிவு வேண்டாம்" என்றார் சம்மாட்டியார். "மணலிலை ஓடினாக் காணும்."

என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. வதனி குசினிப் படியில் வந்து நின்றாள். வாரக்கணக்கில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அப்பா, உதின்ரை முன்சில்லும் இழுக்குமோ?"

"ஓம். நாலு சில்லும் இழுக்கும்."

"வளைவிலை திரும்பேக்கை முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் ஓடாதே. அப்ப நடுவிலை உள்ளது முறுகாதோ?"

இருபது வருஷமாக வாகனம் திருத்துகிறவன் நான். அதை நான் யோசித்ததே இல்லை. "வந்து கழட்டிப் பாரன்" என்றேன். அவள் உண்மையாகவே இறங்கி வந்தாள். சம்மாட்டியாரிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது மாதம் அந்த ஜீப்போடு கிடந்தோம். என்னென்ன செய்தோம் என்று எழுதி உங்களைச் சலிக்க வைக்கமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நான் கையால் ஞாபகம் வைக்கிற ஆள். எந்த ஆணி எங்கே போகும் என்று என் விரலுக்குத் தெரியும், வாயால் கேட்டால் தெரியாது. வதனி அப்படியில்லை. கழற்றிய ஒவ்வொரு ஆணிக்கும் வெறும் பால் தகரப்பேணி வைத்து, பேணிக்குப் பெயர் ஒட்டி, கொப்பியில் வரிசையாக எழுதி, திருப்பிப் பூட்டியதும் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போடுவாள். நான் பகிடி பண்ணுவேன். "ஜீப் ஓடாட்டிலும் கொப்பி ஓடும்" என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் அதே பகிடியை நாளுக்கு நாலு தரம் சொல்லியிருக்கிறேன்.

சம்மாட்டியாரின் தம்பி செல்வராசா கிழமைக்கு ஒருமுறை வருவான். பாய்மரத்தில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, ஓரிடத்தில் நிற்கமாட்டான். ஜீப்புக்குப் பாய்த் துணியில் கூடாரம் தைத்தவன் அவன்தான். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, பெரிய ஊசியால் பாய் தைக்கிற தையல். "இஞ்சினியர் தங்கச்சி, இதை முடிச்சு விடும். பிறகு ஒரு கப்பல் கொண்டாறன், அதையும் கழட்டித் தாரும்" என்று வதனியைச் சீண்டுவான். "கொண்டு வாங்கோ அண்ணை, பேணிதான் காணாது" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

எஞ்சின் முதல்முதல் உயிர் வந்து இரைந்த அன்று, சத்தம் அடங்கியதும் வதனி என்னிடம் கேட்டாள். "அப்பா, நான் இஞ்சை உங்களோடையே நிக்கட்டோ? பல்கலைக்கழகம் வேண்டாம். இந்த வேலையே காணும்." ஒரு பெண்பிள்ளை கராஜில் நிற்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. தாய் அழுவாள், ஊர் கதைக்கும். ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "ஜீப் நல்லபடி ஓடட்டும். சனத்துக்கு உன்ரை வேலையைக் காட்டிப்போட்டு அம்மாவிட்டை நானே கதைக்கிறன்" என்றேன். ஆகவே அந்த ஜீப் நல்லபடி ஓடவேண்டியிருந்தது. மீனுக்காக ஓடவேண்டும் என்று சம்மாட்டியார் நினைத்துக்கொண்டிருந்தார். அது என் பிள்ளைக்காக ஓடவேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

தம்பிமார், இனித்தான் கவனமாக வாசியுங்கள்.

சம்மாட்டியார் நாள் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை, பத்து மணிக்கு முன்னர் ஜீப் எங்கள் வாசல் படலையைத் தாண்டவேண்டும். "அதுக்கு முதல் சில்லு றோட்டிலை படக்கூடாது அண்ணை" என்றார்.

"ஒரு சின்ன வெள்ளோட்டம் பாக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?" என்று கேட்டேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "அதைத்தானே வேண்டாம் எண்டிறன். நேரம் பாக்காமல் நாங்கள் வள்ளத்தைத் தண்ணியிலை இறக்கிறேல்லை. வெள்ளோட்டம் ஆரும் ரெண்டு தரம் விடுவினமோ?"

எங்களுக்கு வெள்ளோட்டம் என்றால் பிழை பார்க்க ஓடுவது. அவர்களுக்கு வெள்ளோட்டம் என்றால் கன்னி ஓட்டம், சாமி பார்த்திருக்க நடக்கிற காரியம். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல், "ஆணி இறுகி நிக்குதோ எண்டு பாக்க வீதியிலை ரெண்டு கட்டை தூரம் ஓடோணும்" என்று விளங்கப்படுத்தியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நியாயம் சொன்னால் கேட்கிற மனுஷன். நான் சொல்லவில்லை. கடலோடு புழங்குகிறவர்களின் நம்பிக்கையில் கைவைப்பானேன் என்று ஒரு பக்கம், ஒன்பது மாதம் பொறுத்தவரோடு கடைசியில் முறுகுவானேன் என்று ஒரு பக்கம்.

அவர் போனபிறகு வதனி சொன்னாள். "ஓடிப் பாக்காமல் குடுக்கிறது பிழை அப்பா."

"வளவுக்குள்ளை ஓடிப் பாத்தாக் காணும்."

"வளவு காணாது."

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன். வேலைத்தலத்தில் பெரியவர்கள் இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வதனி தலைக்குத் தோய்ந்து உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தாள். நான் ஜீப்பை வளவுக்குள் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தது. ஸ்டியரிங்கில் இருந்து சில்லுக்குப் போகிற தண்டின் நுனியில் ஒரு மூடி உண்டு. அது தானாகக் கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு கம்பிப் பின்னை நுழைத்து, அதன் இரண்டு காலையும் விரித்துவிடுவோம். வதனி அதை முதல் நாளே அளவாகப் பூட்டி, கொப்பியில் சரியும் போட்டிருந்தாள். நான் பின்னை உருவி, மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். பின்னைச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

ஏன் உடனே திருப்பிப் போடவில்லை என்று கேட்பீர்கள். இருபது வருஷப் பழக்கம். தளர்த்தினால் ஒரு கட்டை ஓடிப் பார்ப்பேன், கை சரியென்று சொன்ன பிறகுதான் பின்னைப் போடுவேன். அந்தப் பின் என் கையில் எப்போதும் வெள்ளோட்டத்துக்குப் பிறகுதான் வரும். அன்று வெள்ளோட்டம் இல்லை, அதனால் என் கைக்கு அந்தப் பின்னின் ஞாபகமும் வரவில்லை.

ஐயர் வந்தார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். சூடம் கொளுத்தினார்கள். சம்மாட்டியார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன், பக்கத்தில் செல்வராசா. கதவு இல்லாத ஜீப், அவன் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி வள்ளத்தின் முன் அணியத்தில் இருக்கிறவன் மாதிரி இருந்தான். வதனி படலையடியில் ஒதுங்கி நின்றாள். சம்மாட்டியார்தான் கூப்பிட்டார். "பிள்ளை செய்த வண்டி. பிள்ளையும் வரட்டும்." அவள் பின்னுக்கு அவரோடு ஏறினாள். தேசிக்காய் நசிய ஜீப் படலையைத் தாண்டியபோது பின்னால் அவள் கைதட்டியது கேட்டது.

புத்தூர் தாண்டி, அச்சுவேலி தாண்டி, தொண்டைமானாற்றுக்குக் கிட்டப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. வீதி வளைகிற ஓரிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அது கையில் சும்மா சுற்றியது. பிரேக்கை மிதித்தேன். ஜீப் வீதியைக் குறுக்கே வெட்டி, அந்தக் கரையில் நின்ற பனையோடு பக்கவாட்டில் உரசிக்கொண்டு போய் நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்புத்தான். செல்வராசாவின் கால் பனைக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் பின்னேரம் வரை விறாந்தையில் நின்றோம். முகம் துடைக்க லேஞ்சியை எடுக்கப் பொக்கற்றுக்குள் கைவிட்டேன். விரலில் அது குத்தியது. என்ன என்று பார்க்கவே தேவையில்லை, என் விரலுக்குத் தெரியும்.

சிறிது நேரத்தில் சம்மாட்டியார் உள்ளேயிருந்து வந்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். சம்மாட்டியார் என்னைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அறிய வேண்டும் என்று கேட்டார்.

"அந்தத் தண்டு கழண்டு தொங்கினதை நான் பாத்தனான். ஆர் அண்ணை அதைப் பூட்டினது?"

என் கை இன்னும் பொக்கற்றுக்குள்தான் இருந்தது. சொல்லத்தான் வாய் திறந்தேன் என்று பல வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். திறந்தேனோ என்னவோ. அதற்குள் வதனி முன்னுக்கு வந்தாள்.

"நான்தான் மாமா பூட்டினனான்."

அவள் பொய் சொல்லவில்லை. பூட்டியது அவள்தான். கேட்ட கேள்விக்கு நேரான பதிலைச் சொன்னாள்.

"பொம்பிளைப்பிள்ளை கைவைச்ச வண்டி" என்று கூட்டத்துக்குள் யாரோ சொன்னார்கள். "அதையும் ஏத்திக்கொண்டெல்லே வெள்ளோட்டம் போனவை" என்று இன்னொரு குரல். சம்மாட்டியார் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். "விடுங்கோ, சின்னப்பிள்ளை" என்றார். பிறகு என்னிடம், "நீங்கள் ஒருக்காத் திருப்பிப் பாத்திருக்கலாமே அண்ணை" என்றார்.

"ஓம்" என்றேன். என் வாயால் வந்தது அந்த ஒரு சொல்தான்.

பஸ்சில் திரும்பி வரும்போது வதனி தன் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்னின்ரை காலை விரிச்ச ஞாபகம் இருக்கு அப்பா. ஆனால் வடிவா விரிச்சனோ தெரியேல்லை" என்றாள். "விடு பிள்ளை" என்றேன். அவள் மற்றப் பக்கம் திரும்பியபோது பின்னை யன்னலுக்கு வெளியே எறிந்தேன். என் மகள் பக்கத்தில் இருக்கும்போதேதான் எறிந்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் ஒரு வான் வண்டி திருத்த வந்தது. வந்தவர், "உங்கடை வேலையிலை பிழை வராது எண்டு எங்களுக்குத் தெரியுமண்ணை. அது மகள் விட்ட பிழைதானே" என்றார். நான் குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். இப்படியே ஒரு கிழமை, ஒரு மாதம். சொல்லாத ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. வதனி வளவின் அந்தப் பக்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சம்மாட்டியார் வேண்டாமென்று விட்ட ஜீப்பை நான் துண்டுதுண்டாகக் கழற்றிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடமும், அந்தக் கதையைக் கேள்விப்பட்டுத் தட்டிப்போயின. மூன்றாவதாகக் கொடிகாமத்தில் இருந்து நல்ல பெடியன் ஒருவன் வந்து கட்டிக்கொண்டு போனான்.

வீதியில் ஓடிப் பார்க்காத வாகனத்தைச் சாமியே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். சொல் குறுக்கே நின்றால் வேறு சொல் தேடுங்கள். இது சின்னப் பாடம், ஒரு நாளில் பழகிவிடலாம். மற்றதுதான் கடினம். பிழை விட்டால் அதே இடத்தில், அதே மூச்சில் சொல்லுங்கள். நீங்கள் விழுங்கிய பிழை எங்கேயும் போகாது, பக்கத்தில் நிற்கிற வேறு ஒருவரின் தலையில் போய் இருந்துகொள்ளும். அந்த ஆள் அநேகமாக உங்களை நம்புகிற ஆளாக இருப்பார்.

கை நடுங்கத் தொடங்கி, கராஜைப் பூட்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு காலை கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினேன். மகளிடம் முதலில், பிறகு செல்வராசாவிடம் என்று முடிவு எடுத்திருந்தேன். செல்வராசாவிடமும் போனேன். அங்கே நடந்தது அவனுக்கும் எனக்கும் உள்ளது.

நான் போனபோது வதனி கிணற்றில் தண்ணீர் அள்ளி, வாளி வாளியாகக் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மெஷின் பழுதாகி நின்றது. கயிற்றைச் சுண்டிப் பார்த்தேன், ஐந்து நிமிஷ வேலை.

"இது எத்தினை நாளா நிக்குது பிள்ளை?"

"ரெண்டு கிழமை. ஆள் வரவேணும்."

"நீ பாக்கலாமே."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "என்ரை கை சரியில்லை அப்பா. உங்களுக்குத் தெரியும்தானே. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீங்கள் என்னை ஒரு சொல்லுப் பேசேல்லை. பஸ்சிலையும் பேசேல்லை. அதுக்குப் பிறகும் ஒரு நாளும் சொல்லிக் காட்டேல்லை. வேறை தகப்பன் எண்டால் கொன்றிருப்பார். அதை நினைச்சுத்தான் நான் தேறினனான்."

கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். ஸ்டியரிங் இறுக்கமாக இருந்ததையும், நான் பின்னை உருவியதையும், அது என் பொக்கற்றுக்குள் இருந்ததையும், பஸ் யன்னலையும், ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை.  சின்னக் கணக்கு ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் அந்த வேலையை விட்டிருக்கத் தேவையில்லை, என்ன அப்பா?"